தலை கவிழாத காந்தாரி

அந்தக் காலத்தில் மிளகாய்க் குடும்பத்தில் யாரும் தலை கவிழ்ந்து நின்றதில்லை. குண்டு மிளகாய், சம்பா மிளகாய், காந்தாரி மிளகாய் எல்லாருமே காம்பை நேராக நிமிர்த்தி, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டுதான் காய்த்தார்கள். விலங்கும் பறவையும் செடியும் கொடியும் ஒரே பேச்சைப் பேசிய நாட்கள் அவை. பேசத் தெரிந்தவர்கள் முகம் பார்த்துப் பேசுவதுதான் அன்றைய வழக்கம்.

தெற்கு மலையின் அடிவாரத்தில், ஓடை திரும்புகிற இடத்தில், மூவரும் பக்கம் பக்கமாக வளர்ந்தார்கள். மூத்தவள் குண்டு. பெயருக்கு ஏற்ற உடம்பு, நிதானமான பேச்சு. நடுவில் சம்பா, நெடுநெடுவென்று வளர்ந்தவன், தன் சிவப்பைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கடைக்குட்டி காந்தாரி. அவளுடைய பழம் முயலின் பல்லைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வாய் மட்டும் யானைக்கு இருக்க வேண்டியது என்று அண்ணன் கேலி செய்வான். காந்தாரி அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

செடிக்குக் கால் கிடையாது. தாய்க்குக் கீழேயே விழுகிற விதை தாயின் நிழலிலேயே வெம்பிப் போகும். யாராவது பழத்தைத் தின்று, தூரமாகப் போய், விதையை வேறு மண்ணில் விட்டால்தான் பிள்ளைகள் பிழைக்கும். அதற்கு விலங்குகளின் தயவு வேண்டும். விலங்குகளோ, கரடியார் சுவைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாத எதையும் வாயில் வைப்பதில்லை.

கரடியாரைப் பற்றி மரியாதையோடேதான் சொல்கிறேன். நாக்கு விஷயத்தில் அவர் பெரியவர், அதை மறுக்க முடியாது. கறையானும் சிவப்பு எறும்பும் தின்று தின்று, கடிபட்டுக் கடிபட்டு, அவர் நாக்கு எந்த எரிச்சலுக்கும் அசையாததாகிவிட்டது. மற்ற விலங்குகள் மிளகாய் என்றாலே இருமிக்கொண்டு ஓடும். கரடியார் ஒருவருக்குத்தான் காரத்தைத் தாண்டி உள்ளே போய், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியும்.

மாசி மாதம் வழுக்குப்பாறையில் அவர் உட்காருவார். அந்த வருஷத்துப் புதுப் பழங்கள் எல்லாம் அங்கே வரும். ஒவ்வொன்றாகச் சுவைத்து, தேறியதற்கெல்லாம் தலையாட்டுவார். அந்த வருஷத்தில் எது ஆகச் சிறந்ததோ, அதை மட்டும் இரண்டு கைகளாலும் எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வார். அப்படி ஒற்றிக்கொண்ட பழத்தைக் காடே மலை தாண்டிச் சுமந்து போகும். நாவலுக்கும் பலாவுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்திருந்தது. மிளகாயை அதுவரை யாரும் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருஷம் கூப்பிட்டார்கள். முள்ளம்பன்றிதான் கரடியாரின் சேவகன். முதுகு முட்களைச் சிலிர்த்துக் கலகலவென்று ஓசை எழுப்பிக்கொண்டு ஓடைப் பக்கம் வந்து நின்றான்.

"கரடியாருக்கு இந்தத் தடவை காரம் வேணுமாம். ஆளுக்கு ஒரு கொத்துக் குடுங்க. நீங்களும் பாறையைப் பார்த்துக்கிட்டே இருங்க, அவரு சொல்றது இங்க வரைக்கும் கேக்கும்" என்றான்.

பாறை ஓடைக்கு எதிரிலேயே இருந்தது. விலங்குகள் எல்லாம் சுற்றி நின்றன. பறவைகளை மட்டும் கூப்பிடவில்லை. பல்லே இல்லாதவர்களுக்குச் சுவையைப் பற்றி என்ன தெரியும் என்பது கரடியாரின் எண்ணம். அவர் தவறிய இடங்களில் இது முதலாவது.

"எந்தக் காரம் குறைச்சலோ அதை முதல்ல குடு" என்றார் கரடியார். "பெரிய காரத்தை முதல்ல தின்னா, பின்னாடி வர்றதெல்லாம் வைக்கோல் மாதிரி இருக்கும்."

முள்ளம்பன்றி முதலில் குண்டைக் கொடுத்தான். கரடியார் மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தோல் தடிமன். கடிச்ச உடனே காரம் வரலை. முதல்ல ஒரு இனிப்பு வருது, காய்ஞ்ச வைக்கோல் மேல வெயில் விழுந்தா வருமே, அந்த வாசம் வருது. அப்புறம் தொண்டையில மெதுவா ஏறுது. ஏறின காரம் எறங்கவும் மாட்டேங்குது. நிதானமான காரம்." தலையாட்டினார்.

ஓடைக்கரையில் குண்டு பெருமூச்சு விட்டாள். அவள் விதைகள் பிழைத்துக்கொண்டன.

"தண்ணி கொண்டு வரட்டுங்களா?" என்று கேட்டான் முள்ளம்பன்றி.

"தண்ணி குடிச்சா வாய் பூரா பரவும். விளாம்பழம் குடு."

விளாம்பழத்தின் புளிப்பில் நாக்கைத் தேய்த்துக்கொண்டு சம்பாவை எடுத்தார். முன்பல்லால் கடித்தார்.

"நாக்கு நுனியில சுருக்குன்னு ஏறுது, அங்கேயே நிக்குது. உள்ள போகலை. பச்சைப் புல்லு வாசம், ஓரத்துல லேசாக் கசப்பு. ஆனா இந்த நிறம் இருக்கே, இதைக் கையில வச்சுக்கிட்டே இருக்கலாம்." மறுபடியும் தலையாட்டினார். நிறத்தைச் சொன்னதில் சம்பாவுக்குப் பெருமை, கசப்பைச் சொன்னதில் முணுமுணுப்பு.

அடுத்தது காந்தாரி. அவ்வளவு சின்னப் பழத்தைக் கரடியின் நகத்தால் எடுக்க முடியவில்லை. கொத்தாக உள்ளங்கையில் கொட்டி, இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக் கசக்கி, வாயில் போட்டுக்கொண்டார்.

கறையானுக்கு அசையாத நாக்கு அசைந்தது. காது இரண்டும் விறைத்தன. முதுகு மயிர் எழுந்து நின்றது. சுற்றி நின்ற மான்கள் ஓடத் தயாராயின. ஆனால் கரடியார் ஓடவில்லை, துப்பவும் இல்லை. முகம் மெல்ல இளகியது.

"வந்த வேகத்துலயே போயிடுச்சு" என்றார், நம்ப முடியாதவர் போல. "இவ்வளவு காரம் நான் கண்டதில்லை. ஆனா அது போன பிறகு பாரு. எலுமிச்சை இலையைக் கசக்கின மணம். நடுவுல துளி புளிப்பு. விதை கிட்ட ஒரு இனிப்பு ஒளிஞ்சிருக்கு. குண்டு தொண்டையில உக்காந்துக்குது, சம்பா நுனியில நின்னுடுது, இது வாயையே முழுக்கத் திறந்துவிட்டுட்டுப் போகுது. இந்த வருஷத்துக்கு இதுதான்."

மிச்சம் ஒட்டியிருந்த இரண்டு கைகளையும் தூக்கினார்.

ஓடைக்கரையிலிருந்து காந்தாரி பார்த்துவிட்டாள். "கரடியாரே, வேண்டாம். கையில என் சாறு இருக்கு. நாக்கோட நிறுத்திக்குங்க. கண்ணுக்குக் கொண்டு போகாதீங்க."

"வழக்கத்தை எனக்கு ஒரு சுண்டைக்காய் சொல்லித் தருதா?" என்று சிரித்துக்கொண்டே கரடியார் இரண்டு கைகளையும் இரண்டு கண்களிலும் நன்றாக அழுத்தி ஒற்றிக்கொண்டார்.

மிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைக் கசக்கிய யாருக்கும் அடுத்து நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. கரடியார் போட்ட சத்தத்தில் ஓடைத் தண்ணீர் நின்று ஓடியது. பாறையில் உருண்டார், மரத்தில் மோதினார், முள்ளம்பன்றியின் மேலேயே விழுந்து எழுந்தார். கடைசியில் ஓடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார். காட்டுக்கே சுவை சொன்னவர் காட்டின் எதிரிலேயே அழுதார். அந்த அழுகையைப் பார்த்து ஒரு குரங்குக்குட்டி சிரித்துவிட்டது. எரிச்சலைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரைச் சுட்டது என்று நினைக்கிறேன்.

முகம் வீங்கி, கண் சிவந்து எழுந்தவர் மிளகாய்ச் செடிகளின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "மூணு பேரும் கேளுங்க. உங்க குடும்பமே வஞ்சகக் குடும்பம். இங்கேயே, இப்பவே காம்பை வளைச்சுத் தலையைக் கவிழுங்க. 'எங்ககிட்டச் சுவைன்னு ஒண்ணும் கிடையாது, வெறும் எரிச்சல்தான்'னு சொல்லுங்க. சொன்னா உங்க விதையைச் சுமக்க விடறேன். சொல்லாட்டி, நாலு கால் உள்ள எவனும் உங்களைத் தொட மாட்டான்."

முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்து அதையே காடு முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான்: "நாலு கால் உள்ள எவனும் தொட மாட்டான்."

சம்பாதான் முதலில் கவிழ்ந்தான். நெட்டையானவர்களுக்குக் குனிவது சுலபமோ என்னவோ, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டான். குண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு அவளும் காம்பை வளைத்தாள். அவள் குரல் வெளியே கேட்கவில்லை. முள்ளம்பன்றி கிட்டே போய்க் கேட்டு, "சொல்லிட்டா" என்றான்.

இருவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வயிறு நிறைய விதையை வைத்துக்கொண்டிருந்தவர்கள்.

காந்தாரி அப்படியே நின்றாள்.

"உனக்குத் தனியாச் சொல்லணுமா?" என்றார் கரடியார்.

"தனியாவே சொல்லுங்க, நானும் தனியாவே பதில் சொல்றேன். கை உங்க கை. கண்ணு உங்க கண்ணு. வேண்டாம்னு சொன்னது நானு. இதுல நான் எதுக்குக் குனியணும்?"

"என் கண்ணு போச்சு."

"அது எனக்கும் வருத்தம்தான். குணமாகணும்னு மனசார நினைக்கிறேன். ஆனா சுவையே இல்லைன்னு சொல்லச் சொல்றீங்களே, அது பொய். எலுமிச்சை இலை மணம்னு சொன்னது யாரு? துளி புளிப்புன்னு சொன்னது யாரு? உங்க வாயால சொன்னதைப் பொய்யாக்க என் வாயைக் கேக்குறீங்க. தர மாட்டேன்."

கரடியார் திரும்பி நடந்தார். கண் தெரியாததால் முள்ளம்பன்றி முன்னால் நடந்து முட்களின் ஓசையால் வழி காட்டினான்.

விலங்குகள் வந்தன. மான்களும் பன்றிகளும் குண்டையும் சம்பாவையும் கொறித்து, இருமி, கண்ணீர் விட்டு, எப்படியோ விழுங்கிச் சமவெளிக் கரிசலுக்குச் சுமந்து போயின. காந்தாரி நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு போயின. அவள் நிழல்கூடத் தம்மேல் படாதபடி விலகி நடந்தன.

பங்குனி வந்தது. காந்தாரியின் பழங்கள் பழுத்துச் சிவந்தன, பிறகு காய ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக அவள் காலடியிலேயே விழுந்தன. விழுந்த விதைகளின் மேல் அவள் நிழலே விழுந்தது.

"ஏடி, ஒரு தடவை குனிஞ்சா என்ன?" என்றாள் குண்டு. தலை தரையைப் பார்த்திருந்ததால் அவள் பேச்சு மண்ணிடம் பேசுவது போல இருந்தது. "அந்த வார்த்தையை நான் சொன்னேன். சொல்லிட்டு உள்ளுக்குள்ள இல்லைன்னு சொல்லிக்கிட்டேன். என் பிள்ளைங்க இப்ப கரிசல்ல இருக்கு. நீ நிமிந்து நின்னு என்னத்தைக் கண்ட? உன் வம்சம் உன்னோட முடிஞ்சிடும்."

"முடிஞ்சா முடியட்டும்க்கா" என்றாள் காந்தாரி. உடனே குரல் உடைந்தது. "இல்லை, முடியக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு. தெனமும் ஒரு பழம் விழறப்ப இன்னும் எத்தனை மிச்சம்னு எண்ணிப் பாக்கறேன். ஆனா பொய்யைச் சொல்லிப் பிள்ளையைப் பெத்தா, பிறக்கிறது ஒவ்வொண்ணும் தன்கிட்டச் சுவையே இல்லைன்னு நம்பிக்கிட்டுப் பிறக்கும். அதுக்கு நான் எதுக்கு?"



மிச்சம் ஒரே ஒரு கொத்து இருந்த காலை வேளையில், தலையில் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு சின்னான் குருவி மேலேயிருந்து நேராக இறங்கி, கிளையில் உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் ஒரு பழத்தைக் கொத்தி விழுங்கியது.

காந்தாரி பதறிப்போனாள். "யாருப்பா நீ? இரு, பறக்காதே. தொண்டை எரியும். பக்கத்துல விளா மரம் இருக்கு."

"எரியுமா? எது எரியும்?" என்றது சின்னான். இன்னொன்றைத் தின்றது.

"காரம் தெரியலையா உனக்கு?"

"காரம்னா என்ன?"

காந்தாரிக்குக் கோபமே வந்துவிட்டது. காடே பார்த்து நடுங்கிய காரம், கரடியை ஓடையில் தள்ளிய காரம். இந்தக் கொண்டைக்காரன் அதை நாவல் பழம் தின்பது போலத் தின்கிறான். "சரியாக் கடிச்சுப் பாரு" என்றாள்.

"கடிக்கப் பல்லு ஏது? சும்மா முழுங்கறதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த வாசம் நான் வேற எதுலயும் பார்த்ததில்லை. எலுமிச்சை மரத்துல கூடு கட்டியிருந்தேன் போன வருஷம், அந்த இலை மணம் இதுல இருக்கு. நடுவுல துளி புளிக்குது. விதை பக்கத்துல இனிக்குது."

காரத்தையே அறியாத ஒருவன், கரடி சொன்ன அதே சுவையை அதே வரிசையில் சொல்லிவிட்டான். காந்தாரிக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"என்னை எப்படிப்பா கண்டுபிடிச்ச?" என்று கேட்டாள்.

"மேல பறந்து போனேன். பக்கத்துல ரெண்டு செடி இருக்கே, அதோட பழமெல்லாம் தொங்கி இலைக்குள்ள மறைஞ்சு கிடக்கு, ஒண்ணும் தெரியலை. நீதான் இலைக்கு மேல தலையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற. பச்சைக்கு நடுவுல சிவப்பா நின்னா எங்க கண்ணுல படாம இருக்குமா?"

"நீ என்னைத் தொட்டா கரடியாருக்குக் கோபம் வருமே."

"அவரு சொன்னது நாலு காலுக்கு. எங்களை அந்தக் கூட்டத்துக்கே கூப்பிடலை. கூப்பிடாத வீட்டுச் சட்டம் எங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சின்னான் பறந்தது. சாயங்காலம் தன் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. கொத்து காலியானது.

ஆனி மாதம் சாரல் விழுந்தது. சின்னான்கள் எங்கெல்லாம் உட்கார்ந்து எச்சமிட்டனவோ, அங்கெல்லாம் காந்தாரி முளைத்தது. ஆலமரத்தடியில், வேலி ஓரத்தில், கறையான் புற்றின் மேல், கடைசியில் வழுக்குப்பாறையின் இடுக்கிலேயே, கரடியார் உட்காரும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில்.

அடுத்த மாசியில் பாறைக்கு வந்த கரடியார் அதைப் பார்த்தார். கண் குணமாகியிருந்தது, பழைய கூர்மை மட்டும் திரும்பவில்லை. ஆனால் சிவப்பாக மேலே நோக்கி நிற்கும் அந்தக் கொத்து அவருக்குத் தெரியாமல் போகுமா? பிடுங்கிப் போடச் சொன்னார். முள்ளம்பன்றி பிடுங்கினான். புற்றில் இருந்ததைப் பிடுங்கினான், வேலியில் இருந்ததைப் பிடுங்கினான். மூச்சு வாங்கத் திரும்பி வந்தான்.

"நம்மால ஆகாதுங்க. நான் ஒரு செடியைப் பிடுங்கற நேரத்துல அவனுக நாலு கிளையில உக்காந்து எந்திரிக்கறானுக. மேலயும் கீழயும் நான் எத்தனை பக்கம் பாக்குறது?"

கரடியார் எழுந்து ஓடைக்கரைக்கு நேரே நடந்தார். வந்திருந்த விலங்குகள் எல்லாம் பின்னாலேயே போயின. காந்தாரி அங்கேதான் நின்றாள், முன்னைவிடப் புதராகப் படர்ந்து, உடம்பெல்லாம் பழமாக. எல்லாப் பழமும் மேலே பார்த்தபடி.

"உன் பிள்ளைங்க காடு பூரா இருக்கு" என்றார் கரடியார். "சரி, நடந்தது நடந்து போச்சு. இப்பவாவது ஒரு தடவை குனி. எல்லாரும் பாக்கட்டும். நான் மன்னிச்சுடறேன்."

"எனக்கு மன்னிப்பு வேண்டாம்" என்றாள் காந்தாரி. "மன்னிக்கிற மாதிரி நான் எதுவும் செய்யலை. எல்லாரும் பாக்கட்டும்னு சொன்னீங்களே, அது நல்லது. இவங்க முன்னால ஒரு பழம் தின்னுங்க. தின்னுட்டுச் சொல்லுங்க. சுவை இருக்கா, இல்லையா? இல்லைன்னு நீங்க சொன்னா, இந்த நிமிஷமே குனியறேன். உங்க நாக்கு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கு."

எல்லாரும் கரடியாரைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காந்தாரி குனிவாள், அவர் கௌரவம் நிமிரும். அது பொய் என்று கண்டுபிடிக்க அங்கே யாருக்கும் அந்த நாக்கு கிடையாது.

கரடியார் ஒரு பழத்தை உதட்டாலேயே பறித்து மென்றார். காது விறைத்தது. மயிர் எழுந்தது. பிறகு அந்தக் காரம் போனது, அது போன இடத்தில் மற்றதெல்லாம் வந்தது. அதை அவர் முகமே சொன்னது. ஆனாலும் வாயால் சொல்ல அவருக்கு நெடுநேரம் ஆனது.

"இருக்கு" என்றார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை" என்றாள் காந்தாரி.

"இருக்குன்னு சொன்னேன். இவளுக்குச் சுவை இருக்கு. மூணு பேருக்குமே இருக்கு. அன்னைக்கு நான் சொல்லச் சொன்னதுதான் பொய்." சொல்லிவிட்டுக் கரடியார் யார் முகத்தையும் பார்க்காமல் காட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் பாறையில் உட்காரவில்லை.

பக்கத்தில் குண்டு அதைக் கேட்டாள். கேட்டதும் நிமிரப் பார்த்தாள். காம்பு அசையவில்லை. ஒரு வருஷம் வளைந்தே இருந்தது அப்படியே இறுகிப்போயிருந்தது. சம்பாவும் முயன்றான், அவனாலும் முடியவில்லை.

"அக்கா, உன்னைப் பத்தி அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கு" என்றாள் காந்தாரி. "வெயில் விழுந்த வைக்கோல் வாசம்னாரு. முதல்ல இனிப்புன்னாரு. அது பொய்யில்லைக்கா."

"தெரியும்டி" என்றாள் குண்டு. "அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் குனிஞ்சேன்."

அன்று முதல்தான் குண்டும் சம்பாவும் உழுத நிலத்தில், விதைத்த கைகளுக்கு முன்னால் தலை தொங்கக் காய்க்கின்றன. காந்தாரியோ யாரும் விதைக்காத வேலியோரத்தில், பறவை போட்ட இடத்தில் முளைத்து, ஒவ்வொரு பழத்தையும் வானத்தைப் பார்த்தே நிறுத்துகிறது.